தகடூர்த் தேறலும் பெல்ஜியத்துக் கருநிற ஏலும்

தகடூர் என்றதும் தமிழ் மாணவர் நினைவில் எழுவது நெல்லிக்கனி. சாதல் நீங்கும் என்று கருதப்பட்ட அக்கனியைத் தான் உண்ணாது ஔவைக்கு ஈந்த அதியமான் நெடுமான் அஞ்சியின் கதை, பள்ளிப் பாடநூல் தொடங்கிப் பட்டிமன்ற மேடை வரை சொல்லப்பட்டு வருகிறது. அதே அதியமான் ஔவையோடு பகிர்ந்துகொண்ட மற்றொரு பொருளைப் பாடநூல்கள் சொல்வதில்லை. அது கள். புறநானூற்றின் 235ஆம் பாடல், அதியமான் இறந்தபின் ஔவை பாடிய கையறுநிலை. அவனுடைய வள்ளன்மைக்கு அவர் காட்டும் முதற்சான்றே கள்ளைப் பற்றியதுதான். கிடைத்தது சிறிதளவாயின் முழுவதையும் எமக்கே தந்துவிடுவான். மிகுதியாயின் யாம் உண்டு பாட, எஞ்சியதைத் தான் உண்டு மகிழ்வான் என்பது அதன் கருத்து.

இன்னும் நுட்பமான செய்தி ஒன்று 392ஆம் பாடலில் உள்ளது. அதுவும் ஔவை பாடியதே. அதியமானின் மகன் பொகுட்டெழினி தமக்களித்த தேறலை அவர் வருணிக்கிறார். அது பல நாள் முதிர்ந்தது. அதன் கடுப்பு தேள் கொட்டியது போன்றது. அது வார்க்கப்பட்ட பொற்கலமோ வானத்துக் கோளைப் போல் ஒளிர்ந்தது. பானத்தின் வயது, நாவில் அது விளைத்த உணர்வு, அதை ஏந்திய கலம் ஆகிய மூன்றும் சில அடிகளுக்குள் பதிவாகியிருக்கின்றன. இன்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பீர் சுவைஞர்கள் எழுதிக் குவிக்கும் சுவைக்குறிப்புகளின் இலக்கணமும் இம்மூன்றுதான். எத்தனை மாதம் முதிர்ந்தது, நாவில் என்ன செய்தது, எந்தக் கிண்ணத்தில் வார்க்கப்பட்டது என்றே அவர்களும் தொடங்குவர். தருமபுரி மண்ணிலிருந்து நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய சுவைக்குறிப்பு ஔவையுடையது என்றால் அது மிகையாகாது.

இப்படிச் சுவைத்துச் சொன்ன ஒரு மரபு எங்கே போயிற்று? இன்று குடி பற்றித் தமிழில் இரு குரல்களே கேட்கின்றன. ஒன்று அறிவுரை, மற்றொன்று நகைச்சுவைக் காட்சி. இவற்றுக்கு இடையே நின்று இதன் வரலாற்றை நோக்குவதே இக்கட்டுரையின் எண்ணம். ஒப்பீட்டுக்கு நாம் எடுத்துக்கொள்வது பெல்ஜியம் என்னும் சிறு நாட்டின் கருநிற ஏல்.

பெயர்களின் பெருக்கம்

சங்கத் தமிழில் மதுவுக்கு வழங்கிய சொற்களை அடுக்கினால் வியப்பு மேலிடும். கள், நறவு, மட்டு, தேறல், தோப்பி, அரியல், பிழி, மகிழ் என்று அவை நீளும். இவை ஒரே பொருளுக்கு இட்ட வெற்று மாற்றுப்பெயர்கள் அல்ல. தேறு என்னும் வினை தெளிதலைக் குறிக்கும். ஆகவே கசடு அடியில் தங்க, மேலே தெளிந்து நின்றது தேறல். அரித்தல் என்றால் வடிகட்டுதல், ஆகவே அரியல். பிழிந்து எடுத்தது பிழி. நறுமணம் முற்பட நிற்பது நறவு. நெல்லிலிருந்து பெறப்பட்டது தோப்பி. உண்டவனின் மனநிலையையே பெயராகப் பெற்றது மகிழ். செய்முறையையும் மணத்தையும் தெளிவையும் விளைவையும் தனித்தனியே பிரித்தறிந்த சமூகமே இத்தனை சொற்களை ஆக்கிக்கொள்ளும்.

பிற்கால நன்னூல் உரைகளிலும் இதன் எச்சம் ஒன்று உண்டு. குழூஉக்குறிக்கு எடுத்துக்காட்டாக, வேடர் கள்ளைச் ‘சொல்விளம்பி’ என்பர் என்று அவை குறிப்பிடுகின்றன. உள்ளே கிடக்கும் சொல்லை வெளியே சொல்லவைப்பது என்று பொருள். இதைவிடச் சுருக்கமாகக் கள்ளின் இயல்பை யாரே சொல்லவல்லார்?

அயல்நாட்டு மதுவைச் சுவைப்பதும் தமிழருக்குப் புதிதன்று. புறநானூற்றின் 56ஆம் பாடலில் நக்கீரர், யவனர் நல்ல குடுவைகளில் கொணர்ந்த குளிர்ந்த மணமுள்ள மதுவைப் பொற்கலத்தில் மகளிர் ஏந்தித்தர உண்டு மகிழுமாறு பாண்டியன் நன்மாறனை வாழ்த்துகிறார். புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டு மார்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில், மத்தியதரைக்கடல் நாடுகளின் மதுச்சாடி உடைசல்கள் கிடைத்தன. நாம் கவனிக்கவேண்டியது நக்கீரர் ஆண்ட சொல்லை. யவனரின் திராட்சை மதுவையும் அவர் தேறல் என்றே அழைத்தார். அயற்பொருள் வந்தபோது அதை ஏற்று வைக்கத் தமிழில் ஒரு சொல் ஆயத்தமாக இருந்தது.

தோப்பி சமைத்த விதம்

பீர் என்பது தானியத்திலிருந்து பெறும் மது. கள் மரத்தின் பாளையிலிருந்து இனிப்பாகவே இறங்குகிறது. இறங்கிய நொடியே காற்றிலுள்ள ஈஸ்ட் அதைப் புளிக்கவைக்கத் தொடங்கிவிடும். தானியம் அப்படியன்று. அதிலுள்ள மாவுப்பொருளை முதலில் இனிப்பாக்க வேண்டும். அதன்பின்னரே புளிக்கவைக்க முடியும். மாவை இனிப்பாக்க மனிதர் கண்ட எளிய வழி தானியத்தை முளைகட்டுவது. முளைக்கும் விதை, தன்னுள் உள்ள மாவைச் சர்க்கரையாக மாற்றும் நொதிகளைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. முளைகட்டிய தானியத்தை உலர்த்தினால் அதுவே மால்ட். கேழ்வரகை முளைகட்டி, காயவைத்து, அரைத்துப் பிள்ளைகளுக்குக் கூழ் காய்ச்சித் தரும் தருமபுரித் தாய்மாருக்கு இந்த நுட்பம் அயலானதன்று. ‘ராகி மால்ட்’ என்ற சொல்லும் இங்கு அனைவரும் அறிந்ததே. நாம் களியாகவும் கூழாகவும் உண்ணும் இதே கேழ்வரகைத்தான் சிக்கிம், நேபாளப் பகுதி மக்கள் புளிக்கவைத்து, மேலே வெந்நீர் ஊற்றித் தோங்பா என்ற பானமாக உறிஞ்சிக் குடிக்கின்றனர்.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் வலைஞர் குடியிருப்பைச் சொல்லும் பகுதி, தமிழில் நமக்குக் கிடைக்கும் மது வடிக்கும் குறிப்புகளுள் முழுமை மிக்க ஒன்று. அரிசியைக் களியாகத் துழாவிக் காய்ச்சுகின்றனர். அதை வாயகன்ற தட்டுப்பிழாவில் இட்டு ஆற்றுகின்றனர். புற்றின் உள்ளே காணும் குரும்பியைப் போன்ற தோற்றமுடைய அடையை அதில் கலக்கின்றனர். இவ்வடையை நெல்முளையை இடித்தது என்று உரைகாரர் நச்சினார்க்கினியர் விளக்குவர். இரண்டு பகலும் இரண்டு இரவும் கழிந்தபின், வலிய வாயையுடைய சாடியில் முதிரவிட்டு, வெந்நீரோடு விரலால் அலைத்து அரித்து எடுக்கின்றனர். சுட்ட மீனோடு அது விருந்தினர்க்குப் படைக்கப்படுகிறது.

மதுவடிப்போர் ஒருவரிடம் இக்குறிப்பைப் படித்துக் காட்டினால் அவர் தலையசைப்பார். கூழ் காய்ச்சுதல், ஆற்றுதல், மால்ட் கலத்தல், புளிக்கவிடுதல், முதிரவிடுதல், வடித்தல் என்று படிநிலை ஒவ்வொன்றும் உரிய வரிசையில் உள்ளது. குளிர்ந்த நிலவறைகளில் பல வாரம் கிடந்து புளிக்கும் பீரை லாகர் என்பர். இளஞ்சூட்டில் விரைவாகப் புளிக்கும் பழைய வகையை ஏல் என்பர். ஹாப்ஸ் என்னும் கசப்புப் பூ ஒன்றுதான் இதில் இல்லை. ஐரோப்பாவிலேயே பீர் தொடர்பாக ஹாப்ஸ் குறிப்பிடப்படுவது கி.பி. 822ஆம் ஆண்டளவில், கார்பி மடத்துத் தலைவர் அடலார்டின் ஆணைகளில்தான். ஆகவே தோப்பியைத் தமிழகத்து ஏல் என்று சொல்வதில் பிழையில்லை.

தகடூர்க்குக் கிழக்கே சவ்வாது மலைக்கு அப்பால் உள்ள செங்கம் அக்காலத்தில் நன்னனின் செங்கண்மா. அவனைப் பாடிய மலைபடுகடாத்தில், மூங்கில் குழாயில் முதிர்ந்த தேன்கலந்த தேறலும் நெல்லிலிருந்து எடுத்த நறவும் வழிநடைக் கூத்தர்க்கு மலைவாழ் மக்கள் அளிக்கும் விருந்தாக வருகின்றன. மரக்கலத்தில் முதிரவைத்து, மரத்தின் மணத்தைப் பானத்துக்கு ஏற்றும் இக்கால மதுவடிப்போர், மூங்கிலில் முதிர்ந்த தேறலைப் பற்றிக் கேட்டால் வியப்பர் என்றே நினைக்கிறோம்.

மடத்துத் துறவியரின் கருநிறம்

இனிப் பெல்ஜியத்துக்குச் செல்வோம். அந்நாட்டின் புகழ்பெற்ற கருநிற ஏல்களை வடிப்போர் துறவியர் என்பது நம்மவர்க்கு முதலில் திகைப்பூட்டும் செய்தி. திராப்பிஸ்ட் என்று அழைக்கப்படும் இக்கத்தோலிக்கத் துறவியர், புனித பெனடிக்டின் ஒழுங்குமுறையைப் பின்பற்றுவோர். கையால் உழைத்து உண்பவரே உண்மைத் துறவியர் என்பது அவ்வொழுங்கின் அடிப்படை. நாளொன்றுக்கு இவ்வளவு என்று அளந்து மது அருந்தவும் அது இடந்தருகிறது. வெஸ்ட்மாலே மடத்தில் 1836ஆம் ஆண்டிலும் சிமே நகருக்கு அருகிலுள்ள ஸ்கூர்மோன் மடத்தில் 1862ஆம் ஆண்டிலும் மதுவடிப்பு தொடங்கிற்று. இன்று பெரிதும் பின்பற்றப்படும் ‘டப்பல்’ என்னும் பழுப்புநிற வகையின் செய்முறையை வெஸ்ட்மாலே மடம் 1926ஆம் ஆண்டில் வகுத்தது.

1997ஆம் ஆண்டு அமைந்த பன்னாட்டுத் திராப்பிஸ்ட் கழகம் தன் முத்திரைக்குச் சில நிபந்தனைகளை விதித்தது. பானம் மடத்தின் வளாகத்துக்குள் துறவியரின் மேற்பார்வையில் வடிக்கப்பட வேண்டும். வரும் பொருள் மடத்தின் பேணுதலுக்கும் அறச்செயல்களுக்கும் செல்ல வேண்டும். வெஸ்ட்விளேடரன் மடத்தின் ஏலுக்கு உலகெங்கும் வேட்கை மிகுந்தபோதும் அத்துறவியர் உற்பத்தியைப் பெருக்க மறுத்து வந்துள்ளனர். பிழைப்புக்குத் தேவையான அளவு வடித்தால் போதும் என்பது அவர்கள் நிலைப்பாடு. பெல்ஜியத்தின் பீர்ப் பண்பாட்டை 2016ஆம் ஆண்டில் யுனெஸ்கோ மனிதகுலத்தின் தொட்டறியா மரபுச்செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்தது.

அக்கருநிறம் எங்கிருந்து வருகிறது? வறுத்த மால்ட் ஒரு பங்கு தருகிறது. ஆனால் பெல்ஜிய வகையின் தனித்தன்மை சர்க்கரையில் உள்ளது. பீட்ரூட் இனக் கிழங்கிலிருந்து எடுத்த சர்க்கரையைப் பாகாக்கி, அது கருகும் எல்லை வரை காய்ச்சி, கொதிக்கும் மால்ட் நீரில் சேர்க்கின்றனர். நெப்போலியன் 1806ஆம் ஆண்டில் பிரித்தானியாவுக்கு எதிராக விதித்த வணிகத் தடையால் கரும்புச் சர்க்கரை வரத்துக் குன்றியபோது, ஐரோப்பாவில் கிழங்குச் சர்க்கரைத் தொழில் வளர்ந்தது. அதன் பயனை மதுவடிப்போரும் பெற்றனர்.

தருமபுரியிலிருந்து பெங்களூர் சில மணி நேரப் பயணமே. அந்நகரில் 2010ஆம் ஆண்டையொட்டிச் சிறு மதுவடிப்பகங்கள் தோன்றத் தொடங்கின. தாமே வடித்துத் தாமே பரிமாறும் விடுதிகள் அவை. அங்கே ஒன்றில் பெல்ஜிய முறையில் வடித்த கருநிற ஏலை நாம் சுவைத்ததுண்டு. அடிபெருத்து வாய் சற்றுக் குவிந்த கிண்ணத்தில் வந்தது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் கருமைக்குள் ஒரு செம்மை. மேலே டிகிரி காப்பியின் நுரையைப் போன்ற பழுப்பு நுரை. மூக்கருகே கொணர்ந்தபோது கிராம்பு, உலர்திராட்சை, பேரீச்சம்பழம், இவற்றோடு நன்கு கனிந்த பூவன்பழத்தின் சாயல். பழமோ கிராம்போ எதுவும் அதில் இடப்படவில்லை. அம்மணங்கள் ஈஸ்ட் புளிக்கும்போது உண்டாக்கியவை. நாவில் வைத்ததும் கருப்பட்டிப் பாகு அடியில் பிடித்த பாத்திரத்தின் நினைவு வந்தது. மணம் இனிப்பை வாக்களிக்கிறது. நாவில் இனிப்போ குறைவு. பாகின் சர்க்கரையில் பெரும்பகுதியை ஈஸ்ட் உண்டுவிட, கருகலின் சுவை மட்டும் எஞ்சுகிறது. விழுங்கியபின் தொண்டையில் மெல்லிய வெம்மை. பனிக்கட்டியாகக் குளிர்விக்காமல் பரிமாறியதற்குக் காரணம் அப்போதுதான் விளங்கிற்று. மிகு குளிர்ச்சி மணத்தை அடைத்துவிடும்.

சுவைத்ததை எழுத முயன்றபோதுதான் சிக்கல். அதன் வயதுக்கும் கடுப்புக்கும் ஔவையிடம் சொல் இருந்தது. நம்மிடமோ குவார்ட்டர், கட்டிங், சரக்கு, கூலிங் என்னும் கடைச்சொற்களே இருந்தன. அளவையும் விலையையும் குளிரையும் சொல்லும் சொற்கள் அவை. சுவையைச் சொல்ல ஒன்றும் இல்லை.

இரண்டு சட்டங்கள்

இவ்வறுமை எப்படி நேர்ந்தது? இரண்டு நாடுகளின் இரண்டு சட்டங்களை அருகருகே வைத்து நோக்கினால் ஓரளவு விளங்கும்.

பெல்ஜியத்திலும் குடி பெருந்துயராக இருந்த காலம் உண்டு. சுரங்கங்களிலும் ஆலைகளிலும் உழைத்தோர் ஜெனீவர் என்னும் வடிசாராயத்தில் தம் கூலியைக் கரைத்தனர். முதல் உலகப்போர் முடிந்தபின், தொழிலாளர் கட்சித் தலைவரும் நீதியமைச்சருமான எமில் வாந்தர்வெல்து 1919ஆம் ஆண்டில் ஒரு சட்டம் கொண்டுவந்தார். பொது மதுக்கூடங்களில் வடிசாராயம் விற்பது தடைசெய்யப்பட்டது. வீட்டுக்கு வாங்கிச் செல்வோரும் இரண்டு லிட்டருக்குக் குறையாமல் வாங்க வேண்டும் என்று விதிக்கப்பட்டது. ஒரு நாள் கூலியைக் கொண்டு அவ்வளவு சாராயம் வாங்க இயலாது என்பது அதன் உட்கிடை. பீரை அச்சட்டம் தொடவில்லை. சாராயத்தின் கடுமையைப் பழகியிருந்தோர்க்கு ஈடாக வலிமை மிகுந்த ஏல்கள் அதன்பின் பெருகின என்பது பீர் வரலாறு எழுதுவோர் பலரின் கருத்து. 1926ஆம் ஆண்டின் வெஸ்ட்மாலே டப்பல் அக்காலத்துக்குரியதே. 1983ஆம் ஆண்டில் அச்சட்டம் நீக்கப்படும் வரை ஆறு பத்தாண்டுகளில், பெல்ஜிய மக்கள் மென்பானத்தைச் சுவைத்துக் குடிக்கும் பழக்கத்தில் ஊன்றிவிட்டனர்.

நம் பக்கத்துக் கதை சேலத்தில் தொடங்குகிறது. அன்றைய சேலம் மாவட்டத்துள் தருமபுரியும் அடங்கும். 1965ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள்தான் தருமபுரி தனி மாவட்டமாயிற்று. ஓசூருக்கு அருகே தொரப்பள்ளியில் பிறந்தவரும், சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவருமான இராஜாஜி, 1925ஆம் ஆண்டில் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவினார். அங்கிருந்து 1929ஆம் ஆண்டில் மதுவிலக்குக்கென்றே ‘விமோசனம்’ என்னும் இதழை நடத்தினார். கல்கி அதன் உதவியாசிரியராகப் பணியாற்றினார். மதுவிலக்குப் பரப்புரைக்கும் தமிழ் உரைநடைக்கும் இப்படி ஒரு தொடர்பு உண்டு. 1937ஆம் ஆண்டு சூலையில் சென்னை மாகாண முதலமைச்சரான இராஜாஜி, அவ்வாண்டு அக்டோபர் 1ஆம் நாள் தம் சொந்த மாவட்டத்தில் மதுவிலக்கை நடைமுறைப்படுத்தினார். மாகாணத்தில் முதலில் மதுவிலக்குக் கண்ட மாவட்டம் அதுவே. அதியமான் ஔவையோடு கள் பகிர்ந்த மண்ணிலேயே அது தொடங்கிற்று. இழந்த வருவாயை ஈடுகட்ட 1939ஆம் ஆண்டில் பொது விற்பனை வரி வந்தது.

இராஜாஜியை எளிதில் குறைசொல்லிவிட நாம் விரும்பவில்லை. அவர் ஒழித்தது ஔவையின் தேறலை அன்று. அதற்கு அரை நூற்றாண்டு முன்பே, 1886ஆம் ஆண்டின் மதராஸ் அப்காரிச் சட்டத்தின்கீழ், உரிமமின்றிக் கள் இறக்குவதும் மது வடிப்பதும் குற்றமாகியிருந்தன. வீட்டில் சமைத்துப் பகிர்ந்த பானம், அரசு வருவாய்க்காக ஏலத்தில் எடுத்த குத்தகைக்காரன் விற்கும் சரக்காயிற்று. ஏலத்தொகையை மீட்க வேண்டியவனுக்கு வாங்குவோன் எவ்வளவு குடித்தாலும் போதாது. இராஜாஜி கண்டது அக்கள்ளுக்கடைகளையும், அவற்றின் வாசலில் கூலியைத் தொலைத்தவனின் வீட்டுப் பசியையும்தான். திருக்குறளில் கள்ளுண்ணாமை அதிகாரம் வகுத்த வள்ளுவரும் சங்கப் புலவர்க்குப் பின் வந்து வேறொன்றைக் கண்டவரே. தாய் முகத்திலும் இனிக்காத களிப்பு என்று அவர் வருந்தியதைக் கற்றோர் அறிவர்.

ஆயினும் ஒரு வேறுபாட்டைச் சுட்டாமல் இருக்க இயலவில்லை. வாந்தர்வெல்து மதுவின் வகைகளைப் பிரித்தறிந்தார். கடியதை விலக்கி மெல்லியதை விட்டுவைத்தார். நமது சட்டம் பிரித்தறியவில்லை. அதற்குக் கள்ளும் சாராயமும் ஒன்று. அதன்பின் நிகழ்ந்தது இன்னும் வியப்பானது. 1948ஆம் ஆண்டில் மாகாணம் முழுதும் பரவிய மதுவிலக்கு 1971ஆம் ஆண்டில் தளர்ந்து, 1974ஆம் ஆண்டில் மீண்டு, 1981ஆம் ஆண்டில் மறுபடியும் தளர்ந்தது. 1987ஆம் ஆண்டு சனவரி முதல் கள் தடைசெய்யப்பட்டது, அத்தடை நீடிக்கிறது. 1983ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட டாஸ்மாக், 2003ஆம் ஆண்டு நவம்பர் முதல் சில்லறை விற்பனையையும் தன் கையில் எடுத்துக்கொண்டது. பாளையிலிருந்து இறங்கும் மென்மையான கள் குற்றம், நூற்றுக்கு 42.8 பங்கு சாராயம் கொண்ட பிராந்தி அரசின் கடையில் விற்பனைக்கு. பெல்ஜியம் சாராயத்தை இரண்டு லிட்டருக்குக் குறையாமல் விற்கச் சொன்னது. நமது கடையில் 180 மில்லிலிட்டர் புட்டியே பெருவழக்கு. இவ்வளவும் நடப்பது எந்தச் சட்டத்தின் நிழலில் என்று கேட்டால் விடை 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம்தான். சேலம் மாவட்டத்துக்காகப் பிறந்த அச்சட்டம் இன்றும் உயிரோடு உள்ளது. பெயரில் விலக்கு, செயலில் விற்பனை.

கரும்பு போன வழி

புறநானூற்றின் 99ஆம் பாடலில் அதியமானின் முன்னோரைப் புகழும் ஔவை, பெறற்கரிய கரும்பை இந்நாட்டுக்குக் கொணர்ந்தவர் அவர்கள் என்கிறார். வரலாற்று உண்மையோ குலமரபுக் கதையோ, தகடூருக்கும் கரும்புக்கும் உள்ள உறவை அது காட்டுகிறது. இன்றும் பாலக்கோட்டிலும் அரூரை அடுத்த கோபாலபுரத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் உள்ளன.

சர்க்கரை எடுத்தபின் எஞ்சுவது கழிவுப்பாகு. தமிழகத்தில் விற்கும் பிராந்திக்கும் ரம்முக்கும் பெரும்பாலும் மூலம் இக்கழிவுப்பாகிலிருந்து வடித்த எரிசாராயமே. திராட்சையைக் காணாத அப்பிராந்திக்கு நிறம் எங்கிருந்து வருகிறது? கருக்கிய சர்க்கரையிலிருந்துதான். பெல்ஜியத் துறவியின் ஏலுக்கும் டாஸ்மாக் பிராந்திக்கும் கருமை தருவது ஒரே பொருள். அங்கே அது புளித்து, முதிர்ந்து, சுவையாகிறது. இங்கே மணமற்ற சாராயத்தின் மேல் பூசிய வண்ணமாகிறது. இந்த ஒப்புமையை விரித்துரைக்க வேண்டியதில்லை.

கழிவுப்பாகுச் சாராயத்தைச் சுவைப்பார் இல்லை. அது ஒரே மூச்சில் விழுங்கவேண்டியது. விழுங்கப்படும் பொருளுக்குப் பெயர் எதற்கு? மொழியில் சொற்கள் செத்ததற்குக் காரணம் தமிழர் சுவையறியாதவர் ஆனது அன்று. சுவைக்கத்தக்க ஒன்று அவர் கைக்கு எட்டாமல் போனதே.

விழுங்கும் பழக்கத்தின் கடைசி விளிம்பை 2024ஆம் ஆண்டு சூனில் கண்டோம். கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயத்தைக் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கூலி வேலை முடிந்து அரசுக்கடையின் விலைக்கும் வழியில்லாமல் போனவர்களே மிகுதி. அம்மாவட்டத்தில்தான் ஜம்பை உள்ளது. அதியன் நெடுமான் அஞ்சி அளித்த பள்ளி என்று தமிழ் பிராமியில் பொறித்த கல்வெட்டு, 1981ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது அங்கேதான். கிடைத்ததைப் பகிர்ந்துண்ட ஒருவனின் பெயர் தாங்கிய மாவட்டத்தில், விலை குறைந்தது என்பதற்காக நஞ்சைக் குடித்தனர். அந்நிகழ்வை அடுத்து அரசு செய்தது, அதே 1937ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தித் தண்டனைகளைக் கடுமையாக்கியது.

நடுகல்லின் கெண்டி

தருமபுரியும் செங்கமும் நடுகற்களின் நாடு. பல்லவர் காலம் தொட்டு எழுத்துப் பொறித்த கற்கள் இங்கே பெருந்தொகையில் கிடைத்துள்ளன. தமிழகத் தொல்லியல் துறை ‘செங்கம் நடுகற்கள்’ என்ற தொகுப்பை 1972ஆம் ஆண்டில் வெளியிட்டது. ஆநிரை மீட்டு மாண்ட வீரன் வில்லும் வாளும் ஏந்தி நிற்கும் அக்கற்களில், சிலவற்றில் அவன் காலருகே ஒரு கெண்டியும் சிமிழும் செதுக்கப்பட்டிருக்கும். பார்ப்பவர் எளிதில் கடந்துபோகும் சிறு உருவங்கள் அவை. ஆனால் 232ஆம் புறப்பாட்டைப் படித்தவர் கடந்துபோக மாட்டார். அதியமானுக்கு நட்ட கல்லில் பீலி சூட்டி, நாரால் அரித்த மதுவைச் சிறு கலத்தில் வார்ப்பதைக் கண்ட ஔவை, நாடே கொடுத்தாலும் கொள்ளாதவன் இதைக் கொள்வானோ என்று கலங்குகிறார். அந்தச் சிறு கலம்தான் கல்லில் கெண்டியாகியிருக்கிறது என்று கொள்வதில் தடையில்லை.

அம்மரபு அறுபடவில்லை. இப்பகுதியின் முனியப்பன் கோயில்களில் நேர்த்திக்கடன் செலுத்துவோர் சுருட்டோடு மதுவையும் படைக்கின்றனர். படைக்கப்படுவதோ இன்று அரசுக்கடையின் குவார்ட்டர் புட்டி. வழிபடுவோரைக் குறைசொல்லிப் பயனில்லை; நாரால் அரித்து வார்க்க அவர்களிடம் என்ன இருக்கிறது? ஈச்சமரத்தின் பெயரால் ஈச்சம்பாடி என்று ஊரே இருக்கும் மாவட்டத்தில், ஈச்சங்கள் ஒரு கலயம் இறக்கினால் வழக்கு.

பெல்ஜிய ஏலை இங்கே விற்க வேண்டும் என்பது நம் வாதமன்று. அதன் விலை தருமபுரியின் கூலியாளுக்கு எட்டாது. எட்டினாலும் அது அவருடையது ஆகாது. குடி நல்லது என்பதும் நம் துணிபன்று. குடியால் சிதைந்த வீடுகளை நம் வகுப்பறை மாணவர்களின் முகங்களிலேயே படித்து வருகிறோம். நாம் சொல்ல வருவது இவ்வளவே. மதுவை ஒரு பண்பாடு கட்டுக்குள் வைத்தது, அளவாலும் முதிர்வாலும் பகிர்வாலும். தெளியும் வரை காத்திருப்பவன் விரைந்து குடிப்பதில்லை. பிறர்க்கு ஈந்தபின் எஞ்சியதை உண்பவன் அளவு மீறுவதில்லை. இக்கட்டுகளைச் சட்டம் அறியவில்லை. அது முதலில் எல்லாவற்றையும் ஒன்றெனக் கருதி விலக்கியது. பின்னர் எல்லாவற்றையும் ஒன்றெனக் கருதி, கடியதை மட்டும் விற்றது.

கள்ளின் தடையை நீக்குவதா கூடாதா என்ற வழக்காடல் தேர்தல்தோறும் எழுந்து அடங்குகிறது. மரமேறும் தொழிலாளரின் பிழைப்பு ஒரு பக்கமும், பெண்களின் அச்சம் மறுபக்கமும் நிற்கின்றன. இரண்டும் நேர்மையானவை. அவ்வழக்கில் பேசுவோர், வருவாய்க் கணக்கையும் வாக்குக் கணக்கையும் ஒருமுறை ஒதுக்கிவிட்டு, ஔவையின் கையறுநிலைப் பாடலைப் படித்துவிட்டு வந்தால் நன்று. ஓர் அரசன் மாண்டபின் அவனைப் பற்றி முதலில் நினைக்கத்தக்கது, கிடைத்த சிறிது கள்ளை அவன் யாருக்குக் கொடுத்தான் என்பதுதான் என்று அவர் கருதினார். குடியைப் பற்றித் தகடூர் நமக்கு விட்டுச்சென்ற அளவுகோல் அது. அதைக்கொண்டு அளந்தால், ஆண்டுதோறும் மதுவருவாயின் உயர்வை அறிக்கையில் படிக்கும் இன்றைய அரசுகளைப் பற்றிப் பாட எந்த ஔவையாவது முன்வருவாரா?